கச்சான் காற்றில் பூக்கும் தோட்டம்

2010இல் அம்பாந்தோட்டையில் துறைமுகம் திறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, அதன் அயலிலே மிரிஜ்ஜவில என்ற இடத்தில் 300 ஏக்கரில் ஒரு தாவரவியல் பூங்காவும் திறந்தார்கள். வெயிலும் வறட்சியும் மிகுந்த உலர் வலயத்துச் செடிகொடிகளுக்கென்றே அமைத்த பூங்கா அது. திருகோணமலைத் துறைமுகத்தை யாரும் வெட்டி அமைக்கவில்லை, இயற்கை தந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்து பிடித்த துறைமுகம். ஆனாலும் இந்த மாவட்டத்தில், ஊருக்கு வந்தவரைக் கூட்டிப்போய்க் காட்டும்படியான பொதுப் பூந்தோட்டம் ஒன்று இல்லை. ஒன்று வேண்டும். அது மலைநாட்டுப் பூங்காவின் பிரதியாக இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விவசாயப் போதனாசிரியராக வேலைபார்த்த காலத்தில், பாடசாலைப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போவது உண்டு. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், எந்த ஊர்ப் பாடசாலையானாலும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். நடுச்சாமத்தில் பஸ் ஏறி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை கடந்தால் காலையில் பேராதனை வாசல். உள்ளே கால் வைத்ததும் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள். பனை வரிசைகளுக்கு நடுவே ஓடுவார்கள். புல்வெளியில் கிளைபரப்பிக் கிடக்கும் பெரிய யாவா அத்தி மரத்தைச் சுற்றி ஒளித்துப் பிடித்து விளையாடுவார்கள். ஓர்க்கிட் கூடத்தில் மட்டும் ஆசிரியர் அதட்டுவதால் வரிசையில் நடப்பார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “எங்கட பக்கம் ஏன் சேர் இப்பிடி ஒண்டுமில்ல?”

மழையைக் காரணம் காட்டிவிடலாம். பேராதனைக்கு ஆண்டு முழுவதும் ஓரளவு மழை உண்டு. எங்களுக்கு ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. அதன் பிறகு வானம் வெளிறிவிடும். வைகாசி பிறந்தால் தரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கச்சான் வீசத் தொடங்கும். ஆனால் பேராதனைப் பூங்காவை மழை உண்டாக்கவில்லை. யாரோ முடிவெடுத்தார்கள், யாரோ நிலம் ஒதுக்கினார்கள், யாரோ மண் வெட்டினார்கள். அந்த வரலாற்றைப் பார்த்தால் எங்கள் பக்கம் ஏன் ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராசசிங்கனின் காலத்தில் பேராதனை அரச தோட்டமாக இருந்தது. ஆங்கிலேயர் கரையோரத்தை மட்டும் வைத்திருந்த நாட்களில், 1810இல், கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். அந்த இடம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியதால் 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள். 1815இல் கண்டி இராச்சியம் அவர்கள் கைக்கு வந்தது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் தோட்டத்தைப் பேராதனைக்குக் கொண்டுபோனார். அவர் முதலில் நட்டவை அழகுக்கான பூச்செடிகள் அல்ல, கோப்பியும் கறுவாவும். 1824இல் அவர் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலில் 1,127 செடிகள் இருந்தன. இன்று பூங்கா 147 ஏக்கர். அங்கே ஏறக்குறைய 4,000 வகைத் தாவரங்கள் வளர்கின்றன.

அந்த 147 ஏக்கரையும் மூன்று பக்கமும் மகாவலி சுற்றி ஓடுகிறது. அதே மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. இந்த ஆறு எங்கள் மாவட்டத்துக்கும் உரியது. அதன் கரையில் உள்ள பெருமையான பூங்காவைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் இரவு முழுக்க ஆற்றுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறார்கள்.

கொட்டியாரத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் வேறொரு பழைய தொடர்பு உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேர்ட் நொக்ஸையும் மற்றும் சிலரையும் 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலில் இந்த நாட்டுப் பூக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பின்னேரம் நாலு மணிக்கு விரியும் பூவைப் பார்த்து மக்கள் பொழுது அறிவதாகச் சொல்கிறார். அந்திமந்தாரை வளர்த்த எவருக்கும் அது எந்தப் பூ என்று சொல்லத் தேவையில்லை. மல்லிகை போன்ற ஒரு வெள்ளைப் பூவை ஒவ்வொரு காலையும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கோலில் தொங்கவிட்டு மன்னனுக்குக் கொண்டுபோவார்களாம். எதிரே வருகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்க வேண்டுமாம். அந்தப் பூவை வளர்க்கும் பணியாளர்கள் எவருடைய காணியிலும் நட்டு வேலி அடைக்கலாம் என்றும், மண் சாரம் இழந்து பூ வராமற்போன பின்னரே உடையவருக்குக் காணி திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதுகிறார்.

இதை வாசித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். எங்கள் மாவட்டத்தில் காணி என்பது ஆறாத காயம். அரசாங்கத்தின் பெயரில், பாதுகாப்பின் பெயரில், தொல்பொருளின் பெயரில், வனத்தின் பெயரில் வேலி விழுந்ததும், உடையவன் வேலிக்கு வெளியே நின்றதும் எல்லா ஊரிலும் சொல்லக் கதை உண்டு. ஆகவே இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன். நான் கேட்கும் பூங்காவுக்காக ஒரு குடும்பத்தின் உறுதிக் காணியும் போகக்கூடாது, ஒருவரின் வயலும் போகக்கூடாது, சர்ச்சையில் இருக்கும் எந்த வழிபாட்டிடத்தின் அயலும் வேண்டாம். துறைமுக அதிகார சபையின் கையில் உட்துறைமுகத்தைச் சுற்றிப் பெரும் நிலப்பரப்பு இருக்கிறது. அதில் ஒரு சரிவைத் தந்தாலே போதும்.

ஆங்கிலேயர் அமைத்த பூங்காக்கள் எல்லாம் மழையுள்ள மலைநாட்டையும் மேற்கையும் நோக்கியே போனதற்குக் காரணம் வருமானம். 1861இல் ஹக்கலயில் தோட்டம் தொடங்கியது சிங்கோனா மரத்துக்காக. அதன் பட்டையிலிருந்து எடுத்த கொயினாதான் அன்று மலேரியாவுக்கு மருந்து. காய்ச்சலில் சிப்பாய்களை இழந்த படைத்தளங்களில் திருகோணமலையும் ஒன்று. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் றப்பர் நாற்று நட்டார்கள். தேயிலையும் பேராதனையில் பயிரிட்டுப் பார்த்த பிறகே பெருந்தோட்டங்களுக்குப் போனது. பூங்காவில் வெற்றிபெற்ற செடியைத் தோட்டங்களில் ஏக்கர் ஏக்கராக நட்ட கைகள், தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடு கடந்து நடந்துவந்த மக்களின் கைகள். மூன், காட்னர், துவைட்ஸ், திரைமன் என்ற தாவரவியலாளர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். வழியில் விழுந்தவர்களையும் அதே மரியாதையோடு நினைக்க வேண்டும்.

உலர் வலயத்தில் விற்கத்தக்க பயிர் அதிகம் இல்லையென்று ஆங்கிலேயர் கண்டார்கள். 1880களில் திரைமன் அனுராதபுரத்தில் ஒரு கிளைத் தோட்டம் வைத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. திருகோணமலை அவர்களுக்குக் கடற்படைத் தளமாக மட்டும் இருந்தது. 1944 சித்திரையில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். தளபதிகள் மர நிழலில் இருந்து திட்டம் தீட்டினார்கள், கப்பல்கள் எங்கள் துறைமுகத்தில் நின்றன. பூங்கா அங்கே, பீரங்கி இங்கே என்ற அந்தப் பங்கீடு 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்த பிறகும் மாறவில்லை.

பூங்கா கேட்டால் நிர்வாகத்தில் உள்ளவர்களின் மனதில் உடனே எழுவது நுவரெலியா. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்குப் பெயர் சூட்டிய பூங்கா நகர் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஹக்கல இருக்கிறது. கல்மலையின் அடியில், குளிர்காற்றில், றோசாக்கள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிற்கும். அதுதான் அசோகவனம் என்பது ஐதிகம். சீதை அம்மன் கோயில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது, கன்னியாவில் அவன் தாயின் அந்தியேட்டிக்குத் தோண்டியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. கதையில் இரண்டு ஊரும் ஒரே அரசனுடையவை. ஆனால் ஹக்கல கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது, நாங்கள் கடலோரத்தில் இருக்கிறோம். அங்கே வளர்வது இங்கே வளராது.

இதை உணராமல் நகரை அழகுபடுத்தப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வீதிச் சந்திகளில் நடுவதற்கு மலைநாட்டிலிருந்து லொறி நிறையப் பூச்செடி வந்தது. மாசியில் நட்டார்கள். படம் எடுத்தார்கள். ஆனியில் அந்தப் பாத்திகளில் சருகும் பொலித்தீன் பையும்தான் மிஞ்சின. செடி நடுவதற்கு முன் மாதத்தைக் கேட்க வேண்டும். இங்கே நடுகைக்கு உரிய காலம் ஐப்பசி, கார்த்திகை. மாரி மூன்று மாதம் வேரை இறக்கிவிடும். முதல் இரண்டு கச்சானுக்கும் தண்ணீரும் மூடுபடையும் கொடுத்தால், மூன்றாம் வருடம் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். எந்த விவசாயியும் அறிந்த விஷயம் இது.

நான் பணியாற்றிய கிராமமொன்றில், எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி இருந்தார். வரும்போது சேலை மடிப்பில் டேலியாக் கிழங்குகளைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லயத்து வாசலில் அவர் தாய் வளர்த்த செடி. இங்கே அது இரண்டாம் வருடம் முளைக்கவில்லை. அவர் சோர்ந்துபோகவில்லை. அயலவர் வேலியிலிருந்து செவ்வரத்தைத் தடி கேட்டு வாங்கினார், நித்தியகல்யாணி விதை பொறுக்கினார், கிணற்றடியில் நந்தியாவட்டை வைத்தார், படலைக்கு மேலே முல்லை ஏற்றினார். அந்த வளவைத் தாண்டிப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். “இந்த மண்ணுக்கு எது பிடிக்கும்னு மண்ணையே கேக்கணும் தம்பி” என்றார் என்னிடம். நான் படித்த பாடநூல்கள் இதைவிடத் தெளிவாக எதையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த மண்ணுக்குப் பிடித்தவற்றின் பட்டியல் புதிதாகத் தேட வேண்டியதல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலை மீது பாடிய பதிகத்தில், கோயிலைச் சூழ்ந்த பொழிலைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை, மௌவல், மாதவி என எட்டுப் பூமரங்களும் பூங்கொடிகளும் அதில் வருகின்றன. அவர் இராமேசுவரத்திலிருந்து இக்கரையை நோக்கிப் பாடினார் என்பது மரபு. ஆகவே அதை நேரில் கண்டு எடுத்த தாவரக் கணக்கு என்று நான் வாதாடவில்லை. ஆனால் திருகோணமலை என்றதும் ஒரு பெருங்கவிக்குக் கடலோடு பூம்பொழிலும் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த எட்டில் செண்பகத்துக்கு மட்டும் நிழலும் கூடுதல் நீரும் வேண்டும். மற்றவற்றைப் பராமரிக்க முடியும். புன்னைக்கோ உப்புக்காற்றுதான் தாய்வீடு. அந்தப் பாட்டின் பொழில் பூங்காவின் முதல் பாத்தியாக அமையட்டும்.

இரண்டாவதாக எங்கள் காடு வர வேண்டும். உலக மரச் சந்தையில் ஒரு மரத்துக்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேய வணிகர் ‘திருகோணமலை மரம்’ என்று எழுதியது நாங்கள் சாவண்டலை என்று சொல்லும் மரத்தை. இறுகிய, தண்ணீருக்கு அஞ்சாத மரம். சென்னைக் கரையில் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போன மரம் அதுதான். சென்னையில் இருந்த அண்ட்ரூ பெரி என்ற மருத்துவரின் பெயரால் றொக்ஸ்பேர்க் அதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார். அது பூக்கும்போது கிளை நுனியெல்லாம் வெள்ளைக் கொத்தாக இருக்கும். திருகோணமலை நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த மரத்தைக் காட்டியிருக்கிறோம்? முதிரையும் கருங்காலியும் பாலையும் வீரையும் அப்படித்தான். தளபாடமாகவும் கதவாகவும் பார்த்திருக்கிறார்கள், பூத்து நிற்கும் மரமாகப் பார்த்ததில்லை. பாலைப்பழம் ஆனி ஆடியில் சந்தைக்கு வரும். அந்தப் பழத்தின் பூ எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் ஒரு மரத்தடியில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வறட்சிக் காலத்தில் இங்கே என்ன பூக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பங்குனி சித்திரையில் வேம்பு. சித்திரையிலிருந்து ஆனி வரை கொன்றை. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சள் சரங்களை மட்டும் தொங்கவிடும் கொன்றைக்கு வெயில்தான் வேண்டும். ஆவரை வேலியோரங்களில் எந்த மாதமும் மஞ்சளாக இருக்கும். மணலில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கரையைப் பிடித்து வைத்திருக்கும். பூவரசு, நொச்சி, தாழை, அலரி ஆகியவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? மாரியில் குளங்கள் நிறைந்ததும் தாமரையும் ஆம்பலும், நாட்டின் தேசிய மலரான நீலோற்பலமும் வரும். காட்டோரப் புதர்களில் கார்த்திகைப்பூ சுடர்விடும். அந்தப் பூவின் மீது அரசியல் எவ்வளவு ஏறியிருந்தாலும், அது இந்த மண்ணின் செடி, தன் மாதத்தில் பூக்கிறது. தாவரவியல் பூங்காவில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் உல்லாசப் பயணிகள் வருவது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. கடல் அமைதியாக இருக்கும் அந்தக் காலம்தான் எங்கள் வறட்சிக் காலம். கொன்றை பூக்கும் காலமும் அதுவே. வருகிறவர்கள் காலையில் கடலுக்குப் போகிறார்கள், பின்னேரம் கோணேசர் மலைக்கு ஏறுகிறார்கள். அதற்கு மேல் நகரில் ஒரு பொழுதைக் கழிக்க இடம் இல்லை. பேராதனைக்கு ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள் என்பதை நிதி ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். நாற்றுமேடை, வழிகாட்டி, வாசலில் விற்கும் இளநீர் என்று பூங்காவைச் சுற்றிப் பிழைக்கும் குடும்பங்களும் வரும்.

பயணிகளுக்காக மட்டும் இதைக் கேட்டால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் நகரில் பின்னேரத்தில் மக்கள் போவது கடற்கரைக்கு. கடற்கரை அழகு, ஆனால் பகலில் அங்கே நிழல் இல்லை. நோயாளியைப் பார்க்க மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வந்தவர்கள், கச்சேரி வேலை முடியக் காத்திருப்பவர்கள், கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நிற்கும் தாய்மார் எல்லாம் கடை வாசல்களில் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறேன். மட்டக்களப்பில் வாவிக்கரையில் காந்தி பூங்கா இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. அங்கேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்க அதிபர் டைக் மரம் மரமாக நட்டு வளர்த்த பழைய பூங்கா, கட்டடங்கள் போரில் சிதைந்த பின்னும் நிழல் தருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் இது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் தனித்தனியே போகிறோம். பாடசாலைகள் தனித்தனி. பிள்ளைகள் கலந்து விளையாட, பெற்றோர் ஒரே வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் இந்த நகருக்கு மிகவும் தேவை.

எங்கள் மாவட்டத்தில் நான் கண்ட மிக ஒழுங்கான பூம்பாத்திகள் உப்புவெளியில், நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாய யுத்த மயானத்தில் இருக்கின்றன. 1942 சித்திரை 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அந்தப் போர்க் காலத்தில் இறந்தவர்கள் அங்கே உறங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் செடி, இடையே வெட்டிய புல், ஒரு களை இல்லை. பல நாட்டிலிருந்து வந்து இங்கே மாண்ட இளைஞர்களுக்கு அந்த மரியாதை உரியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மயானம் ஒரு உண்மையை நிரூபிக்கிறது. இதே வெயில், இதே மணல், இதே கச்சான். நாள்தோறும் பராமரிக்க ஆளும் அதற்கென்று ஒதுக்கிய பணமும் இருந்தால் திருகோணமலையில் பூந்தோட்டம் நிற்கும். இறந்தவர்களுக்குச் செய்ய முடிந்ததை வாழ்கிறவர்களுக்கும் செய்யலாம்.

மான்களையும் சொல்லிவிட வேண்டும். பிரட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் எங்கள் நகரின் அடையாளம். அவை வீதிக்கு வந்து பொலித்தீன் தின்று சாவதைப் பார்க்கும்போது நெஞ்சு வேகும். மேயப் புல் இல்லாததால்தான் குப்பைக்கு வருகின்றன. வேலியில்லாத பூங்காவில் ஒரு தளிர்கூட மிஞ்சாது என்பதும் உண்மை. பூங்காவுக்குப் பொருத்தமான உயரத்தில் வேலி வேண்டும். அதோடு மான்களுக்கென்று வேறாகப் புல்வெளி ஒன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

மீனவனுக்கு மண்ணெண்ணெய் இல்லாதபோது பூ எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, கோபத்தோடு கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒதுக்கிய பணத்தைப் பூங்காவுக்குத் திருப்பச் சொல்லவில்லை. ஊட்டியின் அரசினர் தாவரவியல் பூங்கா, அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபா சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டமாகத் தொடங்கியது. 1848இல் மக்ஐவர் வந்த பிறகே அது பூங்காவாக உருவெடுத்தது. இங்கும் 300 ஏக்கரில் தொடங்க வேண்டியதில்லை. பத்து ஏக்கரும் ஒரு நாற்றுமேடையும் ஒரு கிணறும் போதும். எங்கள் காடுகளிலிருந்து முறைப்படி விதை சேகரித்து, பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் வைத்து, வருடத்துக்கு ஒரு பாத்தியாக வளர்க்கலாம். ஆனால் பொறுப்பு, அரசியல்வாதியின் பிறந்தநாளுக்கு மரம் நடுகிறவர்களிடம் போகக்கூடாது. மிரிஜ்ஜவிலவை நடத்தும் தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களத்திடம் இருக்க வேண்டும். உலர் வலயத்தில் எது பிழைத்தது, எது செத்தது என்ற பாடத்தை அவர்கள் ஏற்கனவே படித்திருக்கிறார்கள். இங்கே வேலைக்கு எடுக்கும் தோட்டக்காரர்கள் மட்டும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும்.

மாவட்டச் செயலகத்துக்கும் துறைமுக அதிகார சபைக்கும் திணைக்களத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். பேச்சை நீட்டாமல், சர்ச்சையில்லாத ஒரு துண்டு அரச காணியைத் தெரிவுசெய்து, எல்லையைப் பகிரங்கமாக அறிவித்து, ஆட்சேபம் கேட்டு, அளந்து கொடுங்கள். வாசிப்பவர்களில் சாவண்டலையோ குருந்தோ வேங்கையோ வளவில் வைத்திருப்பவர்கள் விதை சேர்த்துக் காயவைத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். பாடசாலை அதிபர்கள் நாற்றுமேடைக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். இந்த மாரியைத் தவறவிட்டால் நடுகைக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே காணி அளக்கும் வேலையை ஆவணிக்குள் முடித்துத் தாருங்கள்.